இரத்தப் பரிசோதனைக்கு முன் யோசிக்க வேண்டியது

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். வயது 40, பதினொரு வாரக் கர்ப்பம். டவுன் சின்ட்ரோமுக்கு (பிள்ளையின் மனவளர்ச்சியைப் பாதிக்கும் பிறவி நிலை) இரத்தப் பரிசோதனை செய்யலாம் என்று தனியார் கிளினிக்கில் சொன்னார்கள். கணவர் செய்வோம் என்கிறார். மாமி, "கோணேசர் தந்த பிள்ளையைச் சோதிக்கிறதா?" என்று கோபப்படுகிறா. செய்யாமல் விட்டால் பிள்ளைக்குத் துரோகமா?

பதில்: துரோகமே இல்லை. இது கட்டாயப் பரிசோதனை அல்ல. கணவரோடு கதையுங்கள், மாமி சொல்வதையும் கேளுங்கள். ஆனால் சம்மதம் சொல்ல வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான்.

இரத்தம் கொடுக்கமுன் ஒன்றை யோசியுங்கள்: விடை தெரிந்தால் என்ன செய்வீர்கள்? தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக அன்றி வேறெதற்கும் கருக்கலைப்பை இலங்கைச் சட்டம் அனுமதிப்பதில்லை (தண்டனைச் சட்டக்கோவை, 303ஆம் பிரிவு). இதைச் சொல்லாமல் பரிசோதனைக்கு அனுப்புவது நியாயமே இல்லை.

அப்படியென்றால் ஏன் பார்க்க வேண்டும்? ஆயத்தமாவதற்கு. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இதயத்தில் குறை இருக்கும். சத்திரசிகிச்சை என்றால் கொழும்பு லேடி ரிட்ஜ்வே வைத்தியசாலைக்குப் போக நேரலாம். இங்கிருந்து 250 கிலோமீற்றருக்கு மேல். பச்சைப் பிள்ளையோடு திடீரென்று ஓடுகிற தூரமல்ல. முன்பே தெரிந்தால் பிரசவத்தை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கலாம். சிலருக்கு இது நிம்மதி. வேறு சிலருக்கோ மிச்ச மாதங்கள் முழுக்கப் பயம்.

இந்த முதற்பரிசோதனையின் ரிப்போர்ட்டில் '1:150, கூடிய ஆபத்து' என்று வந்தால் பலர் அந்த இடத்திலேயே அழுதுவிடுகிறார்கள். அதன் பொருள், இதே முடிவு வந்த 150 பேரில் 149 பேரின் பிள்ளைக்கு அது இல்லை என்பதுதான். 40 வயதில் பொதுவாகவே ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இந்த வாய்ப்பு உண்டு. தாயின் இரத்தத்தில் பிள்ளையின் டிஎன்ஏயைப் பார்க்கும் பரிசோதனை அந்த முதற்பரிசோதனையைவிட மிக நுட்பமானது, விலையும் கூட; அதுவும் இறுதி முடிவல்ல. உறுதிப்படுத்த 15 வாரத்துக்குப் பிறகு வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுக்க வேண்டும். அதில் கரு கலையும் ஆபத்து சிறிதளவு உண்டு. அந்த ஊசிவரை போக மனமில்லை என்றால், முதற்படியில் ஏறுவதா என்பதையும் இப்போதே யோசியுங்கள்.

டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளையை வளர்க்கும் குடும்பம் ஒன்றோடு முடிந்தால் கதைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை எப்படிச் சிரிக்கும், என்னென்ன பழகும் என்று எந்த ரிப்போர்ட்டிலும் எழுதியிருக்காது.

வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் 18 முதல் 22 வாரத்துக்குள் செய்யும் ஸ்கேனை விடாதீர்கள். பெரிய இதயக் குறைகள் பலவற்றை அதில் காணலாம். செய்வதென்றால், இரத்தமும் ஸ்கேனும் சேர்ந்த பரிசோதனைக்கு 14 வாரம் தொடங்கமுன் போக வேண்டும். வைத்தியரிடம் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கொஞ்ச நேரம் தனியாகக் கதைக்கவும் கேளுங்கள்.