காளான் வளர்க்கவா இவ்வளவு படிக்க வைத்தோம்?

இந்தக் கேள்வியை இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள், அம்மா. உங்கள் கவலை புரிகிறது. ஆனால் உங்கள் மகள் கேட்பது வைக்கோல் பையில் சிப்பிக்காளான் போடும் தொழிலை அல்ல (அதுவும் நல்ல தொழில்தான்). காளான் குடை விரிப்பதற்கு முன் மரத்துக்குள் வெள்ளை நூலாக ஓடுமே, அந்த இழையைச் சர்க்கரைக் கரைசலில் வளர்த்து மருந்துச் சத்தைப் பிரித்தெடுக்கும் துறை இது.

ஷேக்கர் என்ற குலுக்கும் இயந்திரத்தில் சுழலும் குடுவையைத் தூக்கிப் பார்த்தால் பாயசத்து ஜவ்வரிசி மாதிரி உருண்டைகள் மிதக்கும். அதுதான் ரெய்ஷி என்ற மருத்துவக் காளானின் இழை. மரத்தூள் பையில் காளானாகவே வளர்க்க மாதக்கணக்கில் ஆகும். இங்கே ஒன்றிரண்டு வாரத்தில் இழையை அறுவடை செய்துவிடலாம். ஜப்பானில் 1977-லேயே, வளர்த்த காளான் இழையிலிருந்து எடுத்த கிரெஸ்டின் என்ற மருந்து, புற்றுநோய்ச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுக்க அனுமதி பெற்றது.

குடுவையில் வளர்ந்தது ஆயிரம் லிட்டர் ஃபெர்மென்டரில் (இழை வளர்க்கும் பெரிய தொட்டி) அப்படியே வளராது. சத்து சேரச் சேரக் கரைசல் கூழாகும், காற்று உள்ளே போகாது. வேகமாகக் கலக்கினால் இழை அறுந்துவிடும்; மெதுவாகக் கலக்கினால் மூச்சுத் திணறும். இதைச் சரிக்கட்டத் தெரிந்தவரைத்தான் கம்பெனிகள் தேடுகின்றன. பென்சிலினும், சிறுநீரக மாற்று செய்தவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரினும் பூஞ்சையைத் தொட்டியில் வளர்த்து எடுப்பவைதான். காளான் கைவிட்டாலும் கற்ற வித்தை கைவிடாது.

அதனால் இளநிலையில் காளானுக்கென்று தனிப் படிப்பு தேட வேண்டாம். பி.டெக். இண்டஸ்ட்ரியல் பயோடெக்னாலஜி, அல்லது பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்து முதுநிலைக்கு கேட்-பி (GAT-B) என்ற பயோடெக்னாலஜி நுழைவுத் தேர்வு. ஐடி மாதிரி முதல் மாதமே பெரிய சம்பளம் வராது, முதுநிலை வரை படிக்கத்தான் வேண்டும். சேரும் முன் ஆய்வகத்தை நேரில் பாருங்கள். ஒரு கல்லூரியில் ஃபெர்மென்டரைத் துணி போட்டு மூடியே வைத்திருந்தார்கள், கேட்டால் மூன்று வருடமாக அப்படித்தானாம்.

அப்புறம், எல்லா நோயும் தீரும் என்று சொல்லி ரெய்ஷி மாத்திரை விற்க ஆள் சேர்ப்பவர்கள் பக்கம் அவள் போகவே கூடாது. அது இந்தத் துறையே இல்லை.

இந்த விடுமுறையில் ஒரு மாதம் ஏதாவது ஆய்வகத்தில் விட்டுப் பாருங்கள். பத்து நாள் காத்திருந்த குடுவை ஒருநாள் பாக்டீரியா புகுந்து கஞ்சியாகக் கலங்கிப்போகும். அன்று வீட்டுக்கு வந்து என்ன சொல்கிறாள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.