மரமும் மெருகும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஊர் ஆசாரியிடம் சொல்லி அயனிப் பலகையில் சாப்பாட்டு மேசை செய்து, அரக்கு பாலிஷ் போட்டு வாங்கினோம். ஆடிச் சாரலில் மெருகு மங்கியதோடு, சூடான குழம்புச் சட்டி வைத்த இடத்தில் வெள்ளை வட்டமும் விழுந்துவிட்டது. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு பாலியூரித்தேன் என்னும் செயற்கை வார்னிஷ் அடித்துவிடலாமா?
– வாசகி, தக்கலை

பதில்: அவசரப்பட்டுச் சுரண்ட வேண்டாம், அம்மா. சூட்டில் அரக்குப் படலம் இளகும்போது ஆவி அதற்குள் புகுந்து நுண்துளிகளாகத் தங்கிவிடுவதே அந்த வெண்மைக்குக் காரணம், மரம் கெடவில்லை. வட்டம் கறுத்திருந்தால்தான் ஈரம் மரத்துக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். மழை விட்டு நன்றாக வெயில் அடிக்கும் நாளில், பருத்தித் துணியில் ஸ்பிரிட்டை (அரக்கைக் கரைக்கும் ஆல்கஹாலை) தொட்டு, துணி ஏறக்குறைய உலர்ந்த நிலையில் அந்த இடத்தை ஓரிரு முறை மட்டும் வருடுங்கள். அரக்கு சற்றே கரைந்து ஈரத்தை வெளியே விட்டு மீண்டும் இறுகும். துணி ஓரிடத்தில் நின்றால் ஒட்டிக்கொண்டு படலத்தையே பிய்த்துவிடும். கை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

பிறகு ஆசாரியை அழைத்து, ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்குச் சுமார் 120 கிராம் அரக்குச் செதில் கரைத்த புதுக் கரைசலை மெல்லிய பூச்சுகளாக ஏற்றச் சொல்லுங்கள். கரைத்து 6 மாதத்துக்கு மேலான கரைசல் சரியாக இறுகாமல் பிசுபிசுக்கக்கூடும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் பூசினாலும் படலம் வெளுத்துப்போகும். மேசையின் அடிப்பக்கம் வெறும் பலகையாக இருந்தால் அங்கும் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடிக்கும் பலகை வளையும்.

பாலியூரித்தேன் தண்ணீரையும் சூட்டையும் கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மையே. ஆனால் அது கீறி உரிந்தால் அந்த இடத்தை மட்டும் திருத்துவது கடினம். பழுதை அது நேர்ந்த இடத்திலேயே சரிசெய்துகொள்ள முடிவதற்காகவே நான் அரக்கின் பக்கம் நிற்கிறேன். சட்டிக்கு அடியில் பிரிமணை வைக்கும் வழக்கம் வீட்டில் இருந்தால் இந்த மேசைக்கு வேறொன்றும் தேவையில்லை. அது இயலாதென்றால், மேற்பலகையை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து அரக்கை முற்றிலும் நீக்கி, ஆளிவிதை எண்ணெய் ஊட்டுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது. விரித்துக் காயவைத்த பிறகே எறிய வேண்டும்.

கேள்வி: ஆந்திராவின் ஏட்டிகொப்பாக்கா மரப் பொம்மைகளின் வண்ண அரக்கைப் பிள்ளைகளின் படிப்பு மேசைக்கும் பூச முடியுமா?
– வாசகர், திருத்தணி

பதில்: மேசைப் பலகைக்கு முடியாது; கால்களுக்கு முடியும். 2017இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பொம்மைகளுக்கு அரக்கைத் தூரிகையால் பூசுவதில்லை. கடைசல் எந்திரத்தில் சுழலும் மரத்தின்மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் சூட்டிலேயே அது உருகிப் படிகிறது. பின்னர் தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். ஆகவே உருட்டிக் கடையக்கூடிய மேசைக் கால், தொட்டில் கம்பி, இழுப்பறைக் குமிழ் ஆகியவற்றுக்கே இம்முறை பொருந்தும். பலகைக்குச் சாதாரண அரக்கு பாலிஷே போதும். இரண்டையும் சானிடைசர் தொட்டுத் துடைக்காதீர்கள். அதிலுள்ள ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும்.