புனரமைப்பு என்றால் என்ன? சீரமைப்பு, மராமத்து எல்லாம் ஒன்றுதானா?

ஏதோ மனுவோ கடிதமோ எழுதக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் முதலில் எழுத்து. றன்னகர ன. புனர் என்றால் மறுபடியும். புனர்ஜென்மம், புனர்வாழ்வு மாதிரி. ண போட்டால் என்ன ஆகும் என்று நான் பட்டிருக்கிறேன்.

2021 நவம்பர் மழையில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது எங்கள் ஊர் ஏரியும் நிரம்பி வழிந்து கோடி போனது. தண்ணீர் வடிந்து பார்த்தால் மதகுச் சுவர் பாதியைக் காணோம். டிகிரி படித்தவன் என்று மனு எழுதும் வேலை என் தலையில். ‘மதகைப் புணரமைத்துத் தருமாறு’ என்று எழுதி, நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கி, பெரியப்பாவோடு வேலூருக்குப் பஸ் ஏறிப் போய்க் கொடுத்தேன். வாங்கிப் படித்தவர், "என்ன சார், மதகுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கணுமா?" என்று பக்கத்து மேசைக்கும் காட்டினார். புணர்தல் என்றால் ஆணும் பெண்ணும் கூடுவது அல்லவா! பெரியப்பா ஊர் வந்து சேரும்வரை "எதுக்குடா சிரிச்சாங்க" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில், "மராமத்துன்னு எழுதியிருந்தா வேலை முடிஞ்சுது" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. மராமத்து அரபு வழி வந்த சொல், பழுது பார்ப்பது. குடிமராமத்து என்று 2017-ல் அரசு திட்டமே போட்டதே, அந்த மராமத்து. இருப்பது கெட்டுக் கிடந்தால் அதை ஒழுங்கு செய்வது சீரமைப்பு. இடிந்து போனதைத் திரும்ப எழுப்பினால்தான் புனரமைப்பு. கோயிலுக்குத் திருப்பணி என்போம். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரருக்கு 1981-ல் நடந்ததைச் சிலர் புனரமைப்பு என்று எழுதுகிறார்கள். கோயில் அப்படியேதான் நின்றது, பக்கத்தில் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் திரும்பி வந்தது, அது பிரதிஷ்டை. (தனித்தமிழ் அன்பர்களே, மீளமைப்பு நல்ல சொல்தான், சண்டைக்கு வராதீர்கள்.)

மறு வருஷம் மதகுக்கு சிமெண்ட் பூசிவிட்டுப் போனார்கள். பலகையில் ‘புணரமைப்புப் பணி’. அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் தெருவில் இன்னும் மோசம். ‘சாலை சீரமைப்பு’ என்று பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே மூன்று முறை போட்டுவிட்டார்கள். மூன்று படி ஏறி வீட்டுக்குள் வந்த அம்மா இப்போது ரோட்டிலிருந்து ஒரு படி இறங்கி வருகிறார்.