சித்திரம் பழகுவோம்: கேள்வி – பதில்

கேள்வி: யாரிடமும் பழகாமல் நானாகவே படம் கீறிப் பார்க்கிறேன். வீட்டிலிருக்கிற மூக்குப்பேணியை (பக்கத்தில் மூக்கு வைத்த குவளை) பத்துத் தடவைக்கு மேல் கீறியாயிற்று. ஒவ்வொரு முறையும் நீண்டுபோய், வாயும் கோணி வருகிறது. எனக்குக் கை வராதோ?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: கையில் குறையில்லை. கொப்பியை மேசையில் படுக்க வைத்துக் கீறுகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் படம் நீளும். படுத்த தாளின் மேற்பாதி கண்ணுக்குச் சுருங்கித் தெரிவதால், கை தன்பாட்டில் அதை நீட்டிவிடும். தாளை ஒரு பலகையில் கிளிப் போட்டு, அடியை மடியிலும் பின்பக்கத்தை மேசை விளிம்பிலும் சாய்த்து, நேருக்கு நேர் பார்த்துக் கீறுங்கள்.

பிறகு அளவு. கையை நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியைப் பேணியின் ஒரு ஓரத்தில் பிடித்து, மற்ற ஓரத்தைப் பெருவிரலால் குறியுங்கள். பென்சிலை நிமிர்த்தி, அந்த அளவு உயரத்தில் எத்தனை தடவை போகிறது என்று எண்ணுங்கள். ஒன்றேகால் என்றால், தாளில் 8 சென்ரிமீற்றர் அகலத்துக்கு 10 உயரம். முழங்கை கொஞ்சம் மடிந்தாலும் கணக்குப் பிழைத்துவிடும்.

வாய் கோணுவது நடுக்கோடு போடாததால். முதலில் மெல்லிய செங்குத்துக் கோடு. வாயின் நீள்வட்டம் அதற்குக் குறுக்கே, இரு பக்கமும் சமமாக. இரண்டு முனையும் கூராகாமல் உருண்டு திரும்ப வேண்டும். தாளைத் தலைகீழாகத் திருப்பினால் கோணல் உடனே கண்ணில் படும். அடியை நேர்கோடாக இழுத்துவிடாதீர்கள். அது கண்மட்டத்துக்கு இன்னும் கீழே இருப்பதால், அளவில் சிறிதானாலும் வாயைவிடக் கூட உருண்டுதான் தெரியும். மூக்கு கடைசியில். அழகாயிருக்கிறதென்று அதிலே தொடங்கினால் உடல் அதன் பக்கம் சாய்ந்துவிடும்.

பதினோராவது தடவையும் அதே இடத்தில் வைக்காமல், தரையில் ஒன்று, மேசையில் ஒன்று, கண்மட்டத்துக்கு வரும் அலுமாரித் தட்டில் ஒன்று என்று கீறுங்கள். தரையில் வாய் அகலத் திறந்திருக்கும். கண்மட்டத்தில் வெறும் கோடாகிவிடும். இதைக் கண்ணால் கண்டவருக்குக் கிணற்றுக்கட்டும் தேர்ச்சில்லும் பிறகு சிரமமாக இராது.

கேள்வி: எச்.பி. பென்சிலால் நிழல் போட்டால் கறுப்பு ஏறவில்லை. அழுத்தினால் மினுங்குகிறது. வியர்வையில் படமும் அப்பிவிடுகிறது.
– வாசகர், பருத்தித்துறை

பதில்: பென்சில் ஊசியில் இருப்பது காரீயமும் (கிராபைட்) களிமண்ணும். நம் நாட்டுப் போகல சுரங்கத்தில் எடுப்பதும் இதே காரீயந்தான். எச்.பி.யில், மென்மையான கறுப்புப் பென்சிலான 4பி.யைவிடக் களிமண் கூட, அதனால் கறுப்புக் குறைவு. அழுத்த அழுத்தத் தாளின் நார் நசிந்து காரீயம் பளபளக்குமே தவிரக் கறுக்காது. கோட்டுக்கு எச்.பி., இடை நிழலுக்கு 2பி., கடும் இருளுக்கு 4பி. எதையும் அழுத்தாமல், குறுக்கும் மறுக்குமாக மூன்று நான்கு படையாக ஏற்றுங்கள். வழுவழுப்பான எழுதும் கொப்பி வேண்டாம், கொஞ்சம் சொரசொரப்பான சித்திரக் கொப்பி வாங்குங்கள். உள்ளங்கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாள் எப்போதும் இருக்கட்டும். வலக்கைக்காரர் நிழலை இடது மேல் மூலையிலிருந்து தொடங்கினால் கை படத்தில் உரசாது.