முதுமையில் பிறரைச் சாராமல் வாழப் பொழுதுபோக்கு உதவுமா, நிறுத்தச் சொல்வதுதான் பாதுகாப்பா?

ஊரில் தனியாக இருக்கும் தந்தையையோ தாயையோ எண்ணித்தான் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று கருதுகிறேன். உதவும் என்பதே என் உறுதியான பதில். ஆனால் அந்த வேலையை நாம் அவர்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

என் அப்பா பணி ஓய்வுக்குப் பிறகு மார்த்தாண்டம் பக்கத்தில் எங்கள் விளையில், அதாவது தோட்டத்தில், தேனீ வளர்த்து வருகிறார். அம்மா காலமானதிலிருந்து தனியாகவே இருக்கிறார். ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்விடும் மாதங்களில், தளிர்க்காம்பில் ஊறும் இனிப்பு நீரால் பெட்டிகள் நிறையும். அப்போது அவருக்கு ஓய்வே கிடையாது. மழைக்காலத்தில் தேன்வரத்து குறைந்தால் சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும். பெட்டிக்கால் கிண்ணங்களில் தண்ணீர் வற்றினால் எறும்பு ஏறிவிடும். சர்க்கரை வாங்க அவரே கடைக்கு நடக்கிறார், எந்தப் பெட்டியில் முட்டையிடும் ராணித் தேனீ புதியது என்பதை நோட்டில் குறித்துவைக்கிறார். இவற்றை உடற்பயிற்சி என்றோ நினைவுப் பயிற்சி என்றோ அவர் எண்ணியதே இல்லை.

ஒருமுறை, வெயில் முதுகுக்குப் பின்னாலிருந்து விழும்படி நின்று தேனடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தைப் பார்த்தபோது, அறைகளின் அடியில் நூல்துண்டு போல நிற்கும் முட்டைகள் அவருக்குத் தென்படவில்லை. ராணி செத்துவிட்டதோ என்று பக்கத்து வீட்டுப் பையனை அழைத்துக் காட்டியபோது, முட்டைகள் நிறைய இருப்பதாக அவன் சொல்லியிருக்கிறான். தாமே மருத்துவமனைக்குப் போய், கண்புரை என்று அறிந்து, அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகே எனக்குத் தகவல் தந்தார். சும்மா உட்கார்ந்திருந்தால், வயதானால் பார்வை மங்கத்தான் செய்யும் என்று அவரும் விட்டிருப்பார், நாங்களும் விட்டிருப்போம்.

சிகிச்சை முடிந்ததும் பெட்டிகளை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி உறவினர் சிலர் வற்புறுத்தினார்கள். சமையலுக்கு ஓர் ஆள், கடைக்கு ஓர் ஆள் என்று முதியவர் செய்துவரும் ஒவ்வொன்றையும் பறித்துவிட்டு அதைப் பராமரிப்பு என்று சொல்வது எனக்கு ஆறாத வருத்தம். "மக்களே, கனம் தூக்க ஆள் வரட்டும்; பெட்டியைத் திறக்கிறது நான்தான்" என்றார் அப்பா. அதன்படி, குனிய வேண்டாதவாறு தாங்கிகளை இடுப்பு உயரத்துக்கு மாற்றினோம். தேன் நிறைந்த மேலறையை இறக்க மட்டும் ஒருவர் வருகிறார்.

பொழுதுபோக்கு நோயைத் தீர்க்கும் என்று நான் சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் 75 வயதைக் கடந்த 469 பேரைத் தொடர்ந்து கவனித்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், வாசிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி, நடனம் ஆகியவற்றில் அடிக்கடி ஈடுபட்டவர்களிடம் மறதிநோய் குறைவாகக் காணப்பட்டது. ஆயினும் நோயின் தொடக்கமே சிலரை இவற்றிலிருந்து விலக்கியிருக்கக்கூடும் என்பதால், அதை முடிந்த முடிபாகக் கொள்ள இயலாது. தேனீ கொட்டினால் மூச்சுத்திணறல் வரும் உடல்வாகு உள்ளவர்கள் இத்தொழிலின் பக்கமே போகக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எதில் நாட்டமோ, அதில் எந்தப் பகுதி கடினமாகிவிட்டது என்று அவரிடமே கேளுங்கள்; அந்தப் பகுதிக்கு மட்டும் ஆளையோ கருவியையோ ஏற்பாடு செய்யுங்கள்.