லேப்டாப் பிராசஸரை டெஸ்க்டாப் போர்டில் மாட்டலாமா?

கேள்வி: சார், என் பழைய லேப்டாப் கீழே விழுந்து டிஸ்ப்ளே உடைந்துவிட்டது. அதில் இன்டெல் ஐ5-3210எம் பிராசஸர் இருக்கிறது. வீட்டு டெஸ்க்டாப்பில் எச்61 போர்டு, பென்டியம் ஜி2020. இரண்டும் ஒரே தலைமுறைதானாம். ஐ5-ஐக் கழற்றி டெஸ்க்டாப்பில் போட்டால் வேகம் கூடுமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: போடவே முடியாது. ஒரே தலைமுறை என்பது சரிதான், இரண்டுமே ஐவி பிரிட்ஜ் (அந்தத் தலைமுறைக்கு இன்டெல் வைத்த பெயர்). ஆனால் சாக்கெட், அதாவது போர்டில் பிராசஸர் உட்காரும் இடம், வேறு. உங்கள் டெஸ்க்டாப் போர்டின் சாக்கெட்டைத் திறந்து பார்த்தால் ஸ்பிரிங் மாதிரி பொடிப்பொடியாக 1155 பின் நிற்கும், பிராசஸரின் அடிப்பக்கம் வழவழவென்று இருக்கும். லேப்டாப்பில் இது அப்படியே தலைகீழ், 988 பின்னும் பிராசஸரிலேயே இருக்கும், போர்டில் வெறும் துளைகள்தான். இங்கேயும் பின், அங்கேயும் பின் என்றால் எங்கே உட்காரும்? அமுக்கிப் பார்க்கலாம் என்று மட்டும் கை வைத்துவிடாதீர்கள், சாக்கெட்டில் நாலு பின் வளைந்தால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற போர்டும் போய்விடும். இதே 3210எம் போர்டோடு சால்டர் செய்தும் வந்திருக்கிறது, உங்களுடையது அந்த வகை என்றால் கழற்றுகிற பேச்சே இல்லை.

இன்னொன்று, ஐ5 என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். 3210எம்-இல் இரண்டே கோர்தான் (கோர் என்பது பிராசஸருக்குள் வேலை செய்யும் பகுதி), 35 வாட்டுக்குள் ஓட வேண்டிய பிராசஸர். அதே காலத்து டெஸ்க்டாப் ஐ5-3470-இல் நாலு கோர், 77 வாட், வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ். ஜி2020-உம் ஐவி பிரிட்ஜ் என்பதால், அது ஓடுகிற போர்டில் பெரும்பாலும் 3470-உம் ஓடும். போர்டு கம்பெனியின் சப்போர்ட் பட்டியலில் அது இருக்கிறதா, எந்த பயாஸ் (போர்டிலேயே இருக்கும், கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும் மென்பொருள்) வேண்டும் என்று ஒருமுறை பார்த்துவிட்டு, செகண்ட் ஹேண்டில் ஒன்று தேடுங்கள். பிராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதுசாகப் போட மறக்காதீர்கள்.

கேள்வி: அப்படியானால் லேப்டாப் பிராசஸரோடு டெஸ்க்டாப் போர்டு விற்கிறார்களே, அது எப்படி? (அதே வாசகர்)

பதில்: அது பிராசஸரைப் போர்டிலேயே சால்டர் செய்து விற்பது. மினிஸ்ஃபோரம் கம்பெனியின் பிடி790ஐ போர்டில் 16 கோர் உள்ள லேப்டாப் பிராசஸரான ரைசன் 9 7945எச்எக்ஸ் அப்படித்தான் வருகிறது. கரன்ட் குறைவாக இழுக்கும், சின்ன கேஸிலும் அடங்கும், ஆனால் பின்னாளில் பிராசஸரை மட்டும் மாற்ற வழியில்லை. நீங்கள் கேட்கிற மாதிரி நிஜமாகவே கழற்றி மாட்டிய காலமும் இருந்தது. 2005 வாக்கில் அசூஸ் சிடி-479 என்று ஒரு அடாப்டர் விற்றது, பி4பி800 எஸ்இ மாதிரி சில பென்டியம் 4 போர்டுகளில் பயாஸை அப்டேட் செய்து, அதை வைத்து லேப்டாப்பின் பென்டியம் எம்-ஐ ஓட்டினார்கள். உங்கள் 1155 சாக்கெட்டுக்கு அந்தச் சலுகை இல்லை.

சரி, லேப்டாப்பை என்ன செய்வது? என்னைக் கேட்டால் பிரிக்கவே வேண்டாம். எச்டிஎம்ஐ அல்லது விஜிஏ கேபிளில் டெஸ்க்டாப் மானிட்டரை மாட்டி, படத்தை மானிட்டருக்கு மாற்ற விண்டோஸ் கீயோடு பி-யை அழுத்துங்கள், அப்படியே இரண்டாவது கம்ப்யூட்டராக ஓடும். மானிட்டரிலும் படம் வரவில்லை என்றால் பழுது டிஸ்ப்ளேயோடு நிற்கவில்லை, அப்போது 2.5 இன்ச் சாட்டா டிஸ்க்கை மட்டும் கழற்றி டெஸ்க்டாப்பில் மாட்டி ஃபைல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ராம் உதவாது, லேப்டாப் ராம் நீளத்திலேயே சின்னது.