எதில் எத்தனை கிலோ? கார்பன் குறைப்பு: கேள்வி பதில்

கட்டடம் கட்டடமாகப் போய் எந்தக் கருவி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்ப்பது என் தொழில். கார்பன் உமிழ்வைக் குறைப்பது பற்றிக் கேட்டவர்களுக்கு முடிந்தவரை கிலோ கணக்கிலேயே பதில் சொல்கிறேன்.

செல்போன் சார்ஜரை வேலை முடிந்ததும் பிடுங்கிவிடுகிறேன். பயன் உண்டா சார்?

பிடுங்குங்கள், தப்பில்லை. ஆனால் போன் மாட்டாத சார்ஜர் இழுப்பது பெரும்பாலும் கால் வாட்டுக்கும் கீழே. வருடம் முழுக்கச் செருகியே கிடந்தாலும் இரண்டு யூனிட் சொச்சம்தான். 1.5 கிலோவாட் ஏசி முழு வேகத்தில் ஓடினால் ஒன்றரை மணி நேரத்தில் அதைத் தின்றுவிடும்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருமாம். பெட்ரோலின் எடையே லிட்டருக்கு முக்கால் கிலோதானே? கணக்கு உதைக்கிறதே.

உதைக்காது. மிச்ச எடை காற்றிலிருந்து வருகிறது. அந்த முக்கால் கிலோவில் சுமார் 640 கிராம் கார்பன். கார்பன் அணுவின் எடை 12. எரியும்போது அதோடு ஒட்டிக்கொள்ளும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களின் எடை 32. ஆக 12 என்பது 44 ஆகிவிடுகிறது. 640ஐ 44ஆல் பெருக்கி 12ஆல் வகுத்துப் பாருங்கள், 2.3 கிலோ வந்துவிடும். டீசலுக்கு 2.7. தினமும் ஒரு லிட்டர் பெட்ரோல் போடுகிறவர் கணக்கில் வருடத்துக்கு 840 கிலோ. காரில் ஒருவர் போனாலும் நால்வர் போனாலும் எரிவது ஏறக்குறைய அதேதான் என்பதால், ஒரே திசையில் வேலைக்குப் போகிற நான்கு பேர் சேர்ந்தால் மூன்று வண்டியின் எரிபொருள் அப்படியே மிச்சம்.

அதை மரம் நட்டு ஈடுகட்டலாமா?

நன்கு வளர்ந்த மரம் வருடத்துக்குச் சுமார் 20 கிலோ இழுக்கும் என்பார்கள். அந்த 840 கிலோவுக்கு நாற்பதுக்கும் மேல் மரம் வேண்டும், கன்று அந்த அளவுக்கு வளரப் பல வருடம் ஆகும். நிழலுக்காக நடுங்கள். வெயில் படுகிற சுவர் சூடாகாமல் இருந்தால் ஏசியின் வேலையும் குறையும்.

எங்கள் ஏசியில் கேஸ் குறைந்துகொண்டே வருகிறது. வருடா வருடம் நிரப்புகிறோம். இதற்கும் கார்பனுக்கும் சம்பந்தம் உண்டா?

யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. ஆர்-410ஏ என்ற கேஸ் ஒரு கிலோ வெளியேறினால், நூறு வருடத்தில் பூமியைச் சூடாக்கும் கணக்கில் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். கிட்டத்தட்ட 900 லிட்டர் பெட்ரோல்! என் வீட்டிலேயே ஒருமுறை, ரிப்பேருக்கு வந்தவர் வால்வைத் திறந்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று அத்தனையையும் வெளியே விட்டார். தடுக்க வாய் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. அந்த வருடம் நான் சைக்கிள் மிதித்ததெல்லாம் அதோடு போச்சு.

அதனால் கேஸ் நிரப்பும் முன் கசிவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் குழாய் இணைப்பில்தான் இருக்கும். சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். பழைய கேஸை சிலிண்டரில் பிடிக்கும் மெஷின் இருக்கிறதா என்றும் கேளுங்கள். புது ஏசி வாங்குவதானால் ஆர்-32 பரவாயில்லை, மூன்றில் ஒரு பங்கு பாதிப்பு. ஆர்-290, அதாவது புரொப்பேன், கிடைத்தால் இன்னும் நல்லது. ஆர்-410ஏ, ஆர்-32 வகை கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. ஏற்கெனவே மாட்டியிருக்கிற ஏசிகளுக்கு நாம்தான் காவல்.

மிஞ்சிய சாப்பாடு எப்படியும் மக்கத்தானே போகிறது? குப்பையில் போட்டால் என்ன?

குப்பை மேட்டுக்கு அடியில் காற்று போகாது. அங்கே மக்கினால் மீத்தேன் வரும். நூறு வருடக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு மோசம். வீட்டில் உரத் தொட்டி வைத்தாலும் காற்றுதான் முக்கியம். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் காய்ந்த இலைகளைப் போட்டுக் கிளறிவிடுங்கள்.

எங்கள் அடுக்ககத்தில் சோலார் பேச்சை எடுத்தாலே சண்டை. எப்படி ஆரம்பிப்பது?

சோலாரில் ஆரம்பிக்காதீர்கள். பன்னிரண்டு மாதப் பொது மின்கட்டண பில்லை எடுத்துவையுங்கள். மோட்டார், லிஃப்ட், நடைபாதை விளக்கு, இவ்வளவுதான் இருக்கும். தொட்டி நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள். தானாக நிற்கும் ஃப்ளோட் சுவிட்ச் சின்னச் சாமான்தான். சோக் வைத்த பழைய டியூப்லைட் சுமார் 50 வாட், எல்இடி 20. நூறு விளக்கு பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 36 யூனிட் மிச்சம். இப்படிக் குறைந்த பில்லோடு அடுத்த கூட்டத்துக்குப் போங்கள், அப்புறம் சோலார் பேசலாம். எல்லோரும் சேர்ந்தால் நடக்கும். டென்மார்க்கின் சாம்சோ தீவு, நான்காயிரம் பேர் போல வாழ்கிற இடம், 1997இல் தொடங்கிப் பத்து வருடத்துக்குள் தன் தேவைக்குக் காற்றாலை மின்சாரத்தையே தயாரித்துக்கொண்டது. அங்கே உள்ளூர்க்காரர்களே காற்றாலைகளில் பங்கு வாங்கினார்கள்.

நீங்கள் எதை விடமுடியாமல் இருக்கிறீர்கள்?

விமானத்தை. பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரே காரில்தான் வேலைக்குப் போகிறேன், அவர் போடுகிற பாட்டைப் பொறுத்துக்கொண்டு. ஆனால் தொழிலுக்காக வருடம் இரண்டு முறை பறக்கிறேன். போன வருடம் அதில் ஒன்றை வீடியோ கூட்டமாக மாற்றப் பார்த்தேன். மீட்டரை நேரில் வந்து வைத்தால்தான் நம்புவோம் என்றுவிட்டார்கள்.